பழைய கேரவனை வாங்கிக் களிக்கடை ஆக்கினோம்: 14 மாத அனுபவம்

தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு "அக்கா, இதை எங்கே வாங்கினீங்க, எவ்வளவு ஆச்சு" என்று கேட்காத ஆள் குறைவு. சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் களி இருக்கா என்று கேட்கிறார்கள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் முழுக்கச் சொல்ல முடிவதில்லை. அதனால் வாங்கியதிலிருந்து இன்று வரை நடந்ததை இங்கே எழுதிவிடுகிறேன், பழைய கேரவன் வாங்கித் தொழில் செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும்.

வண்டி 2016 மாடல் டிராவலர் வேன், கர்நாடகப் பதிவு. பெங்களூரில் ஒரு குடும்பம் ஊர் சுற்றுவதற்காக அதைக் கேரவனாக மாற்றி வைத்திருந்தது. கட்டில், அலமாரி, சின்ன சமையல் மேடை, சிங்க், ஃப்ரிட்ஜ், கழிவறை, கூரையில் ஏ.சி. எல்லாம் இருந்தன. ஓடியிருந்தது 61,000 கிலோமீட்டர்தான். 7,20,000 கேட்டார்கள், 6,40,000-க்கு முடித்தோம். டயர், பேட்டரி, கிளட்ச் வேலைக்கு 68,000, வரி, காப்பீடு, பேப்பர் எல்லாம் சேர்த்து 74,000, உள்ளே கடையாக மாற்ற 2,85,000. மொத்தம் 10,67,000 ரூபாய். நாங்கள் முதலில் போட்ட கணக்கு எட்டரை லட்சம். மீதிக்கு என் நகை வங்கிக்குப் போனது, அது இன்னும் திரும்பி வரவில்லை.

சின்ன லோடு வண்டி ஒன்றை வாங்கிப் பின்னால் பெட்டி கட்டியிருந்தால் இதில் பாதிதான் ஆகியிருக்கும், உண்மை. ஆனால் அதில் அம்மா நிமிர்ந்து நிற்க முடியாது. அம்மாதான் களி கிண்டுகிறவர், வயது 58, தினமும் நான்கு மணி நேரம் குனிந்தபடி நிற்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இந்த வண்டிக்குள் ஆறடி உயரம் தாராளமாக இருக்கிறது. அதோடு கேரவனில் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, பம்பு, இன்வெர்ட்டர், கூரையில் காற்றை வெளியே இழுக்கிற ஃபேன் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. ஓடுகிற சாப்பாட்டுக் கடைக்கு வேண்டியதில் பாதி அதுவேதான்.

இதை வாங்குவதற்கு முன்னால் இரண்டு வண்டி பார்த்து விட்டுவிட்டோம். முதல் வண்டி டெல்லியிலிருந்து வந்தது, பார்க்கப் புதுசு மாதிரி, விலையும் நாலே கால் லட்சம்தான். டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதனால் அந்த வண்டிகள் அடிமாட்டு விலைக்கு நம் பக்கம் வந்துகொண்டிருந்தன. அதில் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் என்ஓசி (வேறு மாநிலத்தில் பதிய வேண்டிய தடையில்லாச் சான்று) எடுத்துத் தராமல் "அப்புறம் வாங்கித் தர்றேன்" என்று சொல்கிற ஆளிடம் வாங்கக் கூடாது. இரண்டாவது வண்டி ஓசூரில். அதில் ஃபைனான்ஸ் முடியவே இல்லை. எம்பரிவாகன் என்கிற அரசுச் செயலியில் வண்டி நம்பரைப் போட்டதுமே தெரிந்துவிட்டது, விற்க வந்தவர் கடைசி வரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மூன்றாவது இது. பார்க்கப் போகும்போது என் தம்பியைக் கூட்டிப்போனேன், அவன் கிருஷ்ணகிரியில் ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருஷமாக இருக்கிறான். நான் உள்ளே போய் மர வேலையையும், மஞ்சள் விளக்கையும், கட்டிலுக்குக் கீழே இருந்த டிராயரையும் பார்த்து அசந்து நிற்கிறேன், அவன் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறான். வெளியே வந்து அவன் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, நீ பார்க்கிறதெல்லாம் நாளைக்குப் பிடுங்கிப் போடப் போறது, அதுக்கு எதுக்குக் காசு? இரும்பைப் பாரு, பேப்பரைப் பாரு." இந்த 14 மாதத்தில் அந்த வார்த்தை எத்தனை முறை உண்மையானது என்று எனக்குத்தான் தெரியும். விற்கிறவர்கள் விலை சொல்வதே அந்த உள் அலங்காரத்தை வைத்துத்தான். "உள்வேலைக்கே நாலு லட்சம் ஆச்சு" என்பார்கள். கடையாக மாற்றப் போகிற நமக்கு அதில் தேறுவது தொட்டி, பைப், ஒயர், ஃபேன். மீதி விறகு.

அவன் என்னென்ன பார்த்தான் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், இதுதான் பணத்தைக் காப்பாற்றியது. கையில் ஒரு காந்தம் வைத்திருந்தான். பாடியைச் சுற்றி ஒட்டிக்கொண்டே வந்தான், ஒட்டாத இடத்தில் பட்டி அப்பியிருக்கிறது என்று அர்த்தம், பின்பக்க வலது மூலையில் ஒரு முழம் நீளத்துக்கு ஒட்டவே இல்லை. கழிவறைப் பக்கம் தரை விரிப்பைத் தூக்கச் சொன்னான். விற்கிறவர் தயங்கினார், தூக்கினால் பிளைவுட் ஊறி உப்பியிருந்தது, அதற்குக் கீழே தகடு துருப்பிடித்துக் கைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) துரு ஏறவில்லை, மேல் தகடு மட்டும்தான், அதனால் வெட்டி வெல்டிங் போட்டுவிடலாம் என்று சொன்னான். சேசிஸே போயிருந்தால் திரும்பி வந்திருப்போம்.

அப்புறம் டயர். பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற மேடு) இன்னும் மிச்சம் இருந்தது, நான் சந்தோஷப்பட்டேன். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். எங்கள் வண்டியில் 2316, அதாவது 2016-ம் வருஷம் 23-வது வாரம். வண்டியோடு வந்த டயர் அப்படியே இருக்கிறது. பக்கவாட்டில் மயிரிழை மாதிரி வெடிப்பு. கேரவன் என்பது வருஷத்தில் பத்து மாதம் நிற்கிற வண்டி, குறைவாக ஓடியிருக்கிறது என்பதை நல்லது என்றே நினைத்துவிடக் கூடாது, நின்றே கெட்டுப்போகிற பொருள்கள் நிறைய இருக்கின்றன: டயர், பேட்டரி, ரப்பர் சீல், ஹோஸ். ஆறையும் மாற்றினோம்.

அடுத்தது எடை மேடை. சாலையோரத்தில் இருந்த ஒரு மேடையில் ஏற்றிக் காட்டச் சொன்னான். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இருக்கிற காலி எடையைவிட 380 கிலோ அதிகம். கட்டில், அலமாரி, கூரை ஏ.சி., அரை டேங்க் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் 150 லிட்டர் தொட்டி நிறைந்தால் இரண்டு ஆள் கூடுதலாக ஏறி உட்கார்ந்த மாதிரி என்று வண்டி வாங்கும்போது யாருக்கும் தோன்றுவதில்லை. கடைக்கு அடுப்பு, சிலிண்டர், பாத்திரம், மாவு, மூன்று பேர் எல்லாம் சேர வேண்டும். அதனால் எதை எடுத்தால் எதை வைக்கலாம் என்று அன்றே பேப்பரில் கணக்குப் போட்டோம்.

ஆர்சியை வாங்கிப் பார்த்தபோதுதான் பெரிய விஷயம் வெளியே வந்தது. அதில் கேரவன் என்று ஒரு வார்த்தை கூட இல்லை. தனிப்பட்ட உபயோகத்துக்கான ஆம்னி பஸ், 13 சீட் என்றே இருந்தது. அதாவது சீட்டை எல்லாம் கழற்றிக் கட்டில் போட்டவர்கள் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, பதிவு அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். இதைச் சொல்லித்தான் 80,000 குறைத்தோம்.

பேப்பர் வேலை ஐந்து மாதம் இழுத்தது. முதலில் ஒரு புரோக்கரிடம் கொடுத்தோம். 18,000 வாங்கிக்கொண்டு, "பேர் மாத்தினா போதும், உள்ளே என்ன வித்தா யாருக்குத் தெரியும், எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்றார். இந்தப் பேச்சை நம்பாதீர்கள். வெள்ளை போர்டில் (சொந்த உபயோகத்துக்கான பதிவில்) தொழில் செய்யும்போது ஒரு விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனி பணம் தர மறுக்கலாம் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். உள்ளே நெருப்பும் கேஸும் வைத்திருக்கிறோம், வெளியே நாலு பேர் நின்று சாப்பிடுகிறார்கள். பதிவில் 'மொபைல் கேன்டீன்' என்று தனி வகையே இருக்கிறது, அது வாடகை வண்டி மாதிரி மஞ்சள் போர்டு, எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) உண்டு. வண்டி எட்டு வருஷம் தாண்டிவிட்டால் வருஷா வருஷம் எஃப்சி காட்ட வேண்டும், எங்களுக்கு இப்போது அப்படித்தான்.

புரோக்கரை விட்டுவிட்டு நானே அலைந்தேன். கர்நாடகத்தில் என்ஓசி, அது படிவம் 28. இங்கே பெயர் மாற்ற 29, 30. தமிழ்நாட்டு வரி கட்டி நம் மாவட்ட நம்பர் வாங்கியது. மாற்றம் செய்ய அனுமதி, செய்த பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியது. அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக ஆறு முறை போனேன், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, ஆனாலும் யாருக்கும் கைக்கூலி கொடுக்காமல் முடித்தேன் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. உணவுப் பாதுகாப்புப் பதிவு இதோடு ஒப்பிட்டால் சுலபம். நாங்கள் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்பதால் பதிவுச் சான்றிதழே போதுமாக இருந்தது, கட்டியது வருஷத்துக்கு 100 ரூபாய். ஓட்டுவதற்கு என் வீட்டுக்காரரின் சாதாரண கார் லைசென்ஸே போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு அது செல்லும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பாடி வேலைக்கு நாமக்கல், கரூர் பக்கம் போகச் சொன்னார்கள். அங்கே வேலை சுத்தம், எனக்கும் தெரியும். ஆனால் தினமும் போய்ப் பக்கத்தில் நிற்க முடியாது என்று கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு பட்டறையில் விட்டோம். டிங்கரிங் அருமை. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தது, தரைக்கு அலுமினியம் செக்கர் பிளேட் போட்டது, சுவருக்கு எஸ்.எஸ். ஷீட் அடித்தது, இதிலெல்லாம் குறையே சொல்ல முடியாது. பக்கவாட்டில் வெட்டிய பரிமாறுகிற ஜன்னலில்தான் கோட்டை விட்டார்கள். ஐந்தடி நீளத்துக்குப் பாடியை வெட்டினால் அந்த இடத்தில் சட்டம் போட்டுப் பலப்படுத்த வேண்டும். போடாமல் தகட்டை மட்டும் மடித்து விட்டார்கள், முதல் மாதத்திலேயே ஜன்னலுக்கு மேலே கீறல் விழுந்தது, மழையில் உள்ளே தண்ணீர். திரும்பக் கொண்டுபோனால் தனியாக 9,000 கேட்டார்கள். சண்டை போட்டு 4,000-க்கு முடிந்தது. மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஒன்பது வாரம் ஆனது, இடையில் ஆடி மாதம் வந்து போய்விட்டது. நீங்கள் யாரிடம் விட்டாலும் ஜன்னல் சட்டத்துக்கு எத்தனை இஞ்ச் டியூப் போடப் போகிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி களி விஷயம். கேரவனில் இருந்த சமையல் மேடை இடுப்பு உயரம். காப்பி போட, தோசை ஊற்ற அது சரி. களி கிண்ட அது உதவாது. நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் குவித்துப் போட்டு, அது வெந்த பிறகு துடுப்பைப் போட்டுத் தோள்பட்டை பலத்தில் அழுத்திக் கிண்ட வேண்டும், பானை முழங்கால் உயரத்தில் இருந்தால்தான் உடம்பு பாரம் துடுப்பில் இறங்கும். அம்மா முதல் நாள் அந்த மேடையில் கிண்டிப் பார்த்துவிட்டு "இதில் கை மட்டும்தான் வேலை செய்யுது, மறுநாள் எழுந்திருக்க மாட்டேன்" என்றார். மேடையை அறுத்து எடுத்தோம், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இரும்பு ஸ்டாண்ட் வைத்துத் தரையோடு போல்ட் போட்டோம், பானையின் கழுத்தைப் பிடிக்க ஒரு வளையமும் வெல்டிங் வைத்தோம். வீட்டில் பானையைக் காலால் அணைத்துக்கொள்கிறோம் அல்லவா, அந்த வேலையை இந்த வளையம் செய்கிறது.

அடுத்த சிக்கலை யாரும் எதிர்பார்க்கவில்லை. அம்மா கிண்டக் கிண்ட வண்டியே ஆடியது. ஸ்பிரிங் பட்டை மேல் நிற்கிற வண்டி, ஐந்து கிலோ மாவை அழுத்திக் கிண்டினால் அலைகிறது, ஜன்னலில் வைத்த குழம்புக் கிண்ணம் தளும்புகிறது. தம்பி நாலு மூலையிலும் திருகு ஜாக்கி போட்டுக் கொடுத்தான், நிறுத்தியதும் இறக்கிவிட்டால் வண்டி கல் மாதிரி நிற்கிறது. செலவு 5,600. மொத்த மாற்றத்திலும் எனக்குப் பிடித்த வேலை இதுதான்.

கேஸ் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். பழைய கேரவனில் சிலிண்டரைக் கட்டிலுக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அந்தப் பெட்டியில் கீழே ஒரு ஓட்டை கூட இல்லை. குழந்தைகளை மேலே படுக்க வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள், நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. நாங்கள் பின்பக்கம் வெளியே திறக்கிற மாதிரி தனிப்பெட்டி கட்டி, உள்ளே போகிற வழியை முழுக்க அடைத்து, அடித்தட்டில் நான்கு பெரிய ஓட்டை போட்டிருக்கிறோம். கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வைக்க வேண்டும், வீட்டு சிலிண்டர் கூடாது. வண்டி நகரும் முன் வால்வை மூடுவது என் வேலை, மூடிவிட்டு "மூடியாச்சு" என்று சத்தமாகச் சொன்னால்தான் வீட்டுக்காரர் சாவி போடுவார். தீயணைப்புக் கருவி ஜன்னல் பக்கம், கைக்கு எட்டும் இடத்தில்.

கரண்ட் பரவாயில்லை. 12 வோல்ட் 150 ஆம்ப் ஹவர் பேட்டரி இரண்டு. கணக்குக்கு 3,600 வாட் மணி நேரம், ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இழுத்தால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் 1,800 என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஃப்ரிட்ஜ், விளக்கு, ஃபேன், பம்பு, துவையலுக்குப் பத்து நிமிஷம் மிக்ஸி, இவ்வளவுக்குப் போதும். ஏ.சி.க்கு ஒரு மணி நேரம் கூடத் தாங்காது, அதனால் கூரை ஏ.சி.யைக் கழற்றி விற்றுவிட்டோம், மேல்பாரமும் குறைந்தது. சித்திரை, வைகாசியில் உள்ளே கொதிக்கிறது, அதற்கு இன்னும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. கழிவறையையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கை கழுவும் பேசின் வைத்தோம். சாப்பாட்டுக் கடைக்குள் கழிவறை இருப்பது அம்மாவுக்குத் துளியும் ஒப்பவில்லை.

தண்ணீருக்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர்தான் பிடிக்கிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்பது பல்லைப் பார்த்தாலே தெரிகிற விஷயம், அதற்காகத்தானே அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. களிக்கும் குழம்புக்கும் அதே தண்ணீர் போவதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அதோடு உப்புத் தண்ணீர் ஊற்றினால் சின்ன பம்பு அடைத்துக்கொள்ளும், ஒருமுறை அவசரத்துக்கு ஊற்றி 2,200 ரூபாய் பம்பு போனது. கழிவுநீர்த் தொட்டி 60 லிட்டர், ரோட்டில் திறந்துவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துதான் காலி செய்கிறோம். பாக்கு மட்டைத் தட்டு என்பதால் கழுவுகிற வேலை குறைவு.

ஓட்டுவதற்கு நல்ல வண்டி. லிட்டருக்கு ஒன்பது, ஒன்பதரை கிலோமீட்டர் தருகிறது. இன்ஜினில் இதுவரை ஆயில், ஃபில்டர் தவிர கை வைக்கவில்லை. சேலம் பக்கம் ஒரு கல்யாண ஆர்டருக்குப் போனபோது தொப்பூர் இறக்கத்தில்தான் வீட்டுக்காரருக்கு வியர்த்தது. தொட்டியில் தண்ணீர் பாதி இருந்தால் வளைவில் அது அலைந்து வண்டியை இழுக்கிறது. ஒன்று நிறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் முழுக்கக் காலி செய்துவிட வேண்டும். இப்போது தூர ஆர்டருக்குக் காலித் தொட்டியோடு போய் அங்கே நிரப்புகிறோம்.

செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தை, ஞாயிறு போச்சம்பள்ளி சந்தை, மற்ற நாளில் காவேரிப்பட்டணம் போகிற வழியில் ஒருவருடைய காலி மனையில் நாளுக்கு 150 ரூபாய் வாடகை கொடுத்து நிற்கிறோம். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி விற்கலாம் என்று கனவோடு வண்டி வாங்காதீர்கள், நிற்க விடமாட்டார்கள், நிற்பதும் ஆபத்து. இரண்டு உருண்டை களி, கீரைக் கடைசல், கொள்ளு ரசம் 60 ரூபாய், கருவாட்டுக் குழம்போடு 80, ஞாயிறு மட்டும் நாட்டுக்கோழி. செலவெல்லாம் போக மாதம் 38,000-லிருந்து 45,000 வரை மிஞ்சுகிறது. மழைக்காலத்தில் 25,000-க்கும் கீழே இறங்கியது.

பழைய கேரவன் வாங்கலாமா என்றால், உள்ளே நின்று வேலை செய்கிற தொழிலுக்கு வாங்கலாம். சாப்பாடு, தையல், முடிவெட்டுகிற கடை, பல் மருத்துவம் போன்றவை. பொருளை ஏற்றிக்கொண்டு போய் வெளியே பரப்பி விற்கிற தொழிலுக்கு இவ்வளவு பணம் தேவையே இல்லை, லோடு வண்டி போதும். கையில் இருக்கிற பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குள் வண்டி விலை முடிய வேண்டும், எங்களுக்கு முடியாமல் போனதால்தான் நகை போனது.

வருகிற மாதம் எஃப்சி. அதற்கு முன்னால் கூரைக்கு வெப்பம் தடுக்கிற வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடித்து, ஜன்னல் சீலையும் மாற்ற வேண்டும், தம்பியிடம் சொல்லிவிட்டேன். வண்டியைப் பார்க்க விரும்புகிறவர்கள் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு மேல் சந்தைக்கு வாருங்கள், அதற்கு முன்னால் அம்மா களி கிண்டிக்கொண்டிருப்பார், பேச நேரம் இருக்காது.